கடல்நீர்த் தொட்டி: பயோ மீடியாவை எங்கே வைப்பது, தண்ணீரை எப்படி ஓட்டுவது?

என் முதல் கடல்நீர்த் தொட்டிக்கு அப்போது மூன்று மாதம் ஆகியிருந்தது. ஒருநாள் காலை, விளக்கு எரியும் முன்பே போய்ப் பார்த்தேன். இரண்டு கிளவுன் மீன்களும் நீர்மட்டத்தில் வாயை வைத்து வேகவேகமாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. அம்மோனியாவைச் சோதித்தால் 0.5 பிபிஎம் (பத்து லட்சத்தில் அரைப் பங்கு). இத்தனைக்கும் பயோ மீடியாவாகத் தேவையைப்போல இரண்டு பங்கு செராமிக் ரிங் வாங்கி சம்புக்குள் (தொட்டிக்குக் கீழே இருக்கும் வடிகட்டும் தொட்டிக்குள்) போட்டிருந்தேன். மீன்கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் குடியிருக்கும் பொருள்தான் பயோ மீடியா.

அந்த மீடியா பையை எடுத்து வாளியில் கொட்டியபோதுதான் விஷயம் புரிந்தது. பையின் வெளிப்பக்கம் இருந்த ரிங்குகள் பழுப்பேறி வழவழவென்று இருந்தன. அடிப்பக்கம் சேறுபோலக் கசடு அப்பியிருந்தது. நடுவில் இருந்தவையோ வாங்கிய அன்று எப்படி இருந்தனவோ அப்படியே வெள்ளை வெளேரென்று இருந்தன. மூன்று மாதமாகத் தண்ணீர் அந்தப் பையைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறது, உள்ளே நுழையவே இல்லை.

மீன்களைக் காப்பாற்றிவிட்டேன். ஆனால் சம்ப், பாறை, பம்ப் எல்லாவற்றையும் பிரித்து மறுபடி அமைக்க இரண்டு மாதம் பிடித்தது. புதிதாகத் தொட்டி வைப்பவர்கள் அந்த இரண்டு மாதத்தை மிச்சப்படுத்தலாம் என்றுதான் இதை எழுதுகிறேன். தொட்டியில் தண்ணீர் நிரப்பும் முன்பே ஒருமுறை முழுக்கப் படித்துவிடுங்கள். கணக்குப் போட வசதியாக 200 லிட்டர் தொட்டியை வைத்துச் சொல்கிறேன். உங்கள் அளவுக்கு ஏற்றபடி பெருக்கிக்கொள்ளுங்கள்.

1. முதலில் கையில் இருக்கவேண்டிய தாள்கள்

பெட்டியைப் பிரித்ததும் தாள்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மூன்று தாள்கள் பிறகு கட்டாயம் தேவைப்படும்.

முதலாவது, சம்பிலிருந்து தண்ணீரைத் தொட்டிக்கு ஏற்றும் ரிட்டர்ன் பம்புடன் வரும் வரைபடம். எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீரை ஏற்றினால் மணிக்கு எத்தனை லிட்டர் வரும் என்பது அதில் இருக்கும். பெட்டியின் மேல் பெரிதாக அச்சடித்திருக்கும் எண் உயரமே இல்லாதபோது கிடைக்கும் அளவு. சம்ப் கீழே, தொட்டி மேலே என்றால் அந்த அளவு ஒருநாளும் வராது.

இரண்டாவது, மீடியாவின் குறிப்புத் தாள். இத்தனை லிட்டர் தண்ணீருக்கு இவ்வளவு மீடியா என்று போட்டிருப்பார்கள். மூன்றாவது, சோதனைக் கிட்டின் காலாவதித் தேதி. காலாவதியான அம்மோனியா கிட் சுழியம் காட்டினால் அதை நம்பி மீனை விடுவீர்கள். வாங்கிய அன்றே தேதியைப் பார்த்து, பெட்டியின் மேல் பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள்.

இவற்றோடு ஒரு நோட்டும் வேண்டும். தேதி, அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், உப்பளவு, வெப்பநிலை, அன்று என்ன செய்தீர்கள் என்று நாலு வரி போதும். எனக்கு 0.5 பிபிஎம் வந்த அன்று, போன வாரம் எவ்வளவு இருந்தது என்று சொல்ல என்னிடம் எந்தப் பதிவும் இல்லை. படிப்படியாக ஏறியதா, ஒரே இரவில் வந்ததா என்று தெரியாததால் காரணத்தைத் தேடுவதற்கே ஒரு வாரம் போய்விட்டது.

2. இரண்டு ஓட்டங்களையும் தனித்தனியாகக் கணக்குப் போடுங்கள்

புதியவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். ‘தொட்டிக்கு இருபது மடங்கு ஓட்டம் வேண்டும்’ என்று எங்கேயோ கேட்டுவிட்டு, அவ்வளவு பெரிய ரிட்டர்ன் பம்பை வாங்கி சம்பில் போட்டுவிடுவார்கள். அந்த இருபது மடங்கு தொட்டிக்குள் தண்ணீர் சுழல்வதற்கான கணக்கு. சம்ப் வழியாகப் போய்வரும் தண்ணீருக்கு வேறு கணக்கு.

சம்ப் வழியே மணிக்குத் தொட்டியின் கொள்ளளவைப்போல 3 முதல் 5 மடங்கு ஓடினால் பெரும்பாலும் போதும். 200 லிட்டருக்கு 600 முதல் 1000 லிட்டர். இதற்கு மேல் வேகமாக ஓட்டினால் சம்பில் நீர்க்குமிழி அதிகமாகும், தொட்டித் தண்ணீர் வழிந்து சம்புக்கு இறங்கும் ஓவர்ஃப்ளோவில் சத்தம் வரும், கசடு எங்கும் படியாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். மீடியாவுக்கு இதனால் கூடுதல் லாபம் ஒன்றும் இல்லை.

தொட்டிக்குள் சுழலும் ஓட்டத்தை, உள்ளேயே மாட்டும் விசிறி பம்பான வேவ்மேக்கர் பார்த்துக்கொள்ளும். மீன் மட்டும் என்றால் 10 மடங்கு, மென்பவளங்களும் இருந்தால் 10 முதல் 20 மடங்கு, அக்ரோபோரா போன்ற கல்பவளங்கள் என்றால் 30, 40 மடங்குகூட வேண்டும். நம் 200 லிட்டரில் மென்பவளம் வளர்க்க 2000 முதல் 4000 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். முடிந்தால் அதை ஒரே பெரிய வேவ்மேக்கருக்குக் கொடுக்காமல் இரண்டு சிறியவையாகப் பிரியுங்கள். ஒன்று பழுதானாலும் தொட்டி மூச்சு விடும்.

மூச்சு என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. 25 டிகிரியில் நன்னீர் ஒரு லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும். கடல்நீரால் 7 மில்லிகிராம்கூட முடியாது. அந்தக் குறைவான ஆக்சிஜனுக்கு மீனும் போட்டி, பாக்டீரியாவும் போட்டி. ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை நைட்ரேட்டாக மாற்ற அந்த பாக்டீரியாக்களுக்கு ஏறக்குறைய நாலரை கிராம் ஆக்சிஜன் தேவை. ஓட்டம் இல்லாத மூலையில் எவ்வளவு விலையுயர்ந்த மீடியாவை வைத்தாலும் அவற்றால் வேலை செய்ய முடியாது.

இன்னொன்று. நன்னீர்த் தொட்டி வைத்திருந்தவர்கள் ‘கொஞ்சம் அம்மோனியா இருந்தால் என்ன’ என்று நினைப்பதுண்டு. கடல்நீரின் பிஎச் 8.2 வாக்கில் இருக்கும். அந்த பிஎச்-ல் அம்மோனியாவின் நச்சு வடிவத்தின் பங்கு, பிஎச் 7-ல் இருப்பதைவிடப் பத்து மடங்குக்கும் அதிகம். இங்கே 0.5 பிபிஎம் என்பது சின்ன எண் இல்லை.

3. பாறையை அடுக்கும்போதே ஓட்டத்தை நினையுங்கள்

கடல்நீர்த் தொட்டியில் பாறைதான் முதன்மையான பயோ மீடியா. சம்பில் வைப்பதெல்லாம் அதற்குத் துணை. அதனால் பாறையில் தப்பு செய்துவிட்டு சம்பில் சரிக்கட்டப் பார்ப்பது வீண்வேலை.

நான் செய்த தப்பு இது: பின்கண்ணாடியை ஒட்டிச் சுவர்போல பாறையை அடுக்கினேன். பார்க்க மலைபோல அழகாக இருந்தது. அதற்குப் பின்னால் ஒரு விரல் போகும் இடம்கூட இல்லை. சில வாரத்தில் அங்கே கசடு சேர்ந்து மணல் கறுத்துவிட்டது. பாறையை நகர்த்தியபோது அழுகிய முட்டை வாடை அடித்தது. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் உருவாகும் ஹைட்ரஜன் சல்ஃபைடு அது, மீனுக்கு விஷம். மீன்களை வைத்துக்கொண்டு இப்படிப்பட்ட பாறையை ஒரே நாளில் கிளறாதீர்கள். ஒவ்வொரு துண்டாக, தண்ணீர் மாற்றும் நாளில், உறிஞ்சுகுழாயைப் பக்கத்தில் பிடித்துக்கொண்டே எடுங்கள்.

சரியான முறை சுலபமானதுதான். அடிப்பாறைகளை மணல் போடுவதற்கு முன்பே கண்ணாடித் தரையின் மேல் வையுங்கள். மணலின் மேல் வைத்தால், மீனோ இறாலோ அடியில் தோண்டும்போது பாறை சரியும். நாலு பக்கமும் கண்ணாடியிலிருந்து ஒரு கை போய்வரும் இடைவெளி விடுங்கள், கண்ணாடி துடைக்கவும் அது வேண்டும். மூன்று நாலு இடத்தில் மட்டும் தரையைத் தொடும்படி, வளைவும் குகையுமாக அடுக்குங்கள். பாறைக்கு அடியில் தண்ணீர் புகுந்து வெளியே வர வழி இருக்கவேண்டும்.

எவ்வளவு பாறை? 100 லிட்டருக்கு 12 கிலோவிலிருந்து 24 கிலோ வரை என்பது பழைய கணக்கு. நுண்துளை அதிகமுள்ள லேசான பாறை என்றால் கீழ் எல்லையே போதும், அதற்குக் குறைவாக வைத்தும் நன்றாக ஓடும் தொட்டிகள் நிறைய உண்டு. இடம் அடைத்துக்கொள்ளும் கனமான கல்லை எடை கணக்குக்காக வாங்காதீர்கள்.

மணல் 3 முதல் 5 சென்டிமீட்டர் போதும். நைட்ரேட்டைக் குறைக்கிறேன் என்று 10 சென்டிமீட்டருக்கு மேல் ஆழமான மணல் படுகை வைப்பவர்கள் இருக்கிறார்கள், அது வேலையும் செய்யும். முதல் தொட்டிக்கு அது வேண்டாம் என்பது என் கருத்து. ஒருமுறை அது கெட்டுப்போனால் சரிசெய்யும் அனுபவம் அப்போது நம்மிடம் இருக்காது.

4. வேவ்மேக்கரை வைத்துவிட்டு, ஓட்டத்தைக் கண்ணால் பாருங்கள்

இரண்டு வேவ்மேக்கர்கள் இருந்தால் எதிரெதிர்ப் பக்கக் கண்ணாடிகளில் வையுங்கள். ஒன்று நீர்மட்டத்துக்கு அருகில், சற்று மேல்நோக்கி. மேற்பரப்பு எப்போதும் நெளிந்துகொண்டே இருக்கவேண்டும், காற்றிலிருந்து ஆக்சிஜன் இறங்குவது அந்த வழியாகத்தான். இன்னொன்று சற்றுக் கீழே, பாறையின் பின்பக்க இடைவெளியைப் பார்த்தபடி. இரண்டு ஓட்டமும் நடுவில் மோதிக் கலைந்தால் நல்லது. ஒரே திசையில் குழாய்த் தண்ணீர்போல நேராக அடிக்கும் ஓட்டம் பவளத்தின் ஒரு பக்கத்தை உரித்துவிடும், மறுபக்கத்தைக் கசடில் விட்டுவிடும்.

வைத்த பிறகு மேற்பரப்பு நெளிவதை மட்டும் பார்த்துத் திருப்தி அடைந்துவிடாதீர்கள். உறைந்த தீனியைத் தொட்டித் தண்ணீரில் கரைத்து ஒரு சிட்டிகை மேலே விடுங்கள். துகள்கள் எங்கே போகின்றன என்று நின்று பாருங்கள். ஏதாவது ஒரு மூலையில் துகள்கள் சுழன்று இறங்கி, அங்கேயே உட்கார்ந்துவிட்டால் அது செத்த இடம். வேவ்மேக்கரை ஒரு விரற்கடை திருப்பி மறுபடி பாருங்கள். எனக்கு இதற்கு முழுதாக ஒரு மாலை ஆனது, ஆனால் அதற்குப் பிறகு அந்த மூலையில் கசடு சேரவே இல்லை.

மணல் பள்ளம் விழுந்து தரைக்கண்ணாடி தெரிந்தால் ஓட்டத்தைக் குறைப்பதற்கு முன் கோணத்தை மாற்றிப் பாருங்கள். அனிமோன் (கடற்சாமந்தி) வைக்கும் எண்ணம் இருந்தால் வேவ்மேக்கருக்கு முதல் நாளே வலை மாட்டுங்கள். அது நடந்துபோய் விசிறியில் சிக்கினால் தொட்டியையே கெடுத்துவிடும்.

5. சம்புக்குள் மீடியா வைக்கும் இடம்

தண்ணீர் சுலபமான வழியைத்தான் தேடும். மீடியாவைக் கண்ட இடத்தில் போட்டுவைத்தால் அதைச் சுற்றிக்கொண்டு போய்விடும். மீடியாவுக்குள் நுழைந்தே ஆகவேண்டும் என்று வழியை அமைப்பது நம் வேலை. கடைமடை வரை தண்ணீர் போய்ச் சேருகிறதா என்று வயலில் பார்ப்பதைப்போல, கடைசி ரிங் வரை போகிறதா என்று இங்கே பார்க்கவேண்டும்.

வரிசை இப்படி இருக்கட்டும். ஓவர்ஃப்ளோ குழாய் முதல் அறையில் இறங்கட்டும். அங்கே 200 மைக்ரான் வடிகட்டிப் பையோ பஞ்சோ இருக்கவேண்டும், கசடு இங்கேயே நிற்கும். அடுத்து, கழிவை நுரையோடு பிரித்தெடுக்கும் புரோட்டீன் ஸ்கிம்மர். அதற்கு நீர்மட்டம் மாறாமல் இருக்கவேண்டும், பல மாடல்களுக்கு 18 முதல் 23 சென்டிமீட்டர் ஆழம். உங்கள் ஸ்கிம்மரின் தாளில் சரியான எண் இருக்கும். அதற்கு அடுத்த அறை பயோ மீடியாவுக்கு. கடைசி அறையில் ரிட்டர்ன் பம்ப். ஹீட்டரை ஓட்டம் உள்ள, ஒருநாளும் நீர் வற்றாத அறையில் வையுங்கள். ரிட்டர்ன் அறையில் வைத்தால், ஆவியாகி மட்டம் இறங்கும்போது ஹீட்டர் வெளியே தெரிந்து வெடிக்கலாம்.

மீடியாவை வடிகட்டிப் பைக்குப் பின்னால்தான் வைக்கவேண்டும், முன்னால் கூடாது. முன்னால் வைத்தால் மீன்கழிவும் தீனியும் ரிங்கின் துளைகளை அடைத்துவிடும். பிறகு அம்மோனியாவைக் குறைக்கவேண்டிய மீடியாவே, தன்மேல் அழுகும் கசடால் அம்மோனியாவை உண்டாக்கும். பயோ பால் (இடுக்குகள் உள்ள பிளாஸ்டிக் உருண்டைகள்) போட்டால் நைட்ரேட் ஏறும் என்று சொல்வதன் பின்னணியும் ஏறக்குறைய இதுதான். பயோ பால் அம்மோனியாவை நைட்ரேட்டாக நன்றாகவே மாற்றுகிறது. ஆனால் அதன் இடுக்குகளில் கசடு தங்கி அழுகுகிறது, நைட்ரேட்டைக் குறைக்கத் தேவையான, ஆக்சிஜன் குறைந்த ஆழம் அதில் இல்லை.

மீடியா அறையில் இரண்டு காரியம் செய்யுங்கள். ஒன்று, அடியில் நேரடியாகப் போடாமல், பிளாஸ்டிக் கட்டக் கிராதியைச் சின்னக் கால்கள் வைத்துத் தரையிலிருந்து 3 முதல் 5 சென்டிமீட்டர் உயர்த்தி, அதன் மேல் வையுங்கள். தப்பி வந்த கசடு கிராதிக்கு அடியில் படியும், அங்கே குழாயை விட்டு உறிஞ்சி எடுத்துவிடலாம். இரண்டு, தண்ணீர் ஒரு தடுப்புக்கு அடியில் நுழைந்து, மீடியா வழியாக மேலேறி, அடுத்த தடுப்புக்கு மேல் வழியும்படி அமையுங்கள். மீடியா அறையின் ஒரு சுவரிலிருந்து மறுசுவர் வரை நிறைந்திருக்கவேண்டும். ஓரத்தில் இரண்டு விரல் இடைவெளி விட்டால் பாதிக்கு மேல் தண்ணீர் அதன் வழியாகவே போய்விடும். அந்த ஓரத்தைக் கரடுமுரடான ஸ்பாஞ்ச் பட்டையால் அடைக்கலாம்.

ரிங்கைப் பையில் போட்டுத்தான் வைக்கமுடியும் என்றால் ஒரே பெரிய மூட்டையாகக் கட்டாதீர்கள். மூன்று நாலு சிறிய பைகளில், முக்கால் பங்கு மட்டும் நிரப்பி, தட்டையாகப் பரப்பி அடுக்குங்கள். பிறகு கழுவும்போதும் ஒரு நேரத்தில் ஒரு பையை மட்டும் எடுக்க அது வசதி.

பெரிய செராமிக் கட்டி என்றால் வேறு முறை. அதற்குள் தண்ணீரைத் தள்ளமுடியாது. நாலு பக்கமும் தண்ணீர் தொட்டுக்கொண்டு போகும்படி இடைவெளி விட்டு, நிமிர்த்தி நிறுத்துங்கள். இரண்டு கட்டிகளை ஒட்டிவைத்தால் ஒட்டிய முகங்கள் இரண்டும் வீண். அதன் உள்ளாழத்தில் ஆக்சிஜன் குறைந்து, நைட்ரேட்டைக் குறைக்கும் பாக்டீரியாக்கள் வளர வாய்ப்புண்டு. அதற்குப் பல மாதம் ஆகும். அதை நம்பித் தண்ணீர் மாற்றுவதை நிறுத்திவிடாதீர்கள்.

சம்ப் இல்லாத தொட்டிகளுக்கும் இதே வரிசைதான். பின்பக்க அறைகள் உள்ள தொட்டியில் முதல் அறையில் பஞ்சு, நடு அறையில் மீடியா, கடைசியில் பம்ப். கேனிஸ்டர் வடிகட்டியில் (தொட்டிக்கு வெளியே இருக்கும் மூடிய வடிகட்டி) ஒரு சிக்கல் இருக்கிறது. பல மாடல்களில் தண்ணீர் அடியிலிருந்து மேலே ஏறும், சிலவற்றில் மேலிருந்து கீழே இறங்கும். திசை தெரியாமல் தட்டுகளை அடுக்கினால் மீடியா முதலிலும் ஸ்பாஞ்ச் கடைசியிலுமாகப் போய்விடும். தாளைப் பார்த்து, தண்ணீர் முதலில் தொடும் தட்டில் கரடுமுரடான ஸ்பாஞ்ச், அடுத்து மெல்லிய பஞ்சு, அதற்குப் பிறகு மீடியா என்று வையுங்கள்.

6. எதற்குச் செலவழிப்பது, எதை விடுவது

மீடியாவில் விலை வித்தியாசம் பெரிது. பாக்டீரியாவின் எண்ணிக்கையைத் தீர்மானிப்பது தொட்டியில் எவ்வளவு அம்மோனியா உண்டாகிறது என்பது. தீனி எவ்வளவோ அவ்வளவுதான் வளரும். போதுமான பரப்பு ஏற்கெனவே இருக்கும் தொட்டியில் இன்னொரு பை மீடியா போட்டால் பாக்டீரியா இரண்டு மடங்காகிவிடாது, இருப்பவையே பரவி உட்கார்ந்துகொள்ளும். எனவே, தாளில் சொன்ன அளவுக்கு நடுத்தரமான மீடியா வாங்கினால் போதும்.

மிச்சமாகும் பணத்தை ரிட்டர்ன் பம்பில் போடுங்கள். அது வருடம் முழுக்க இரவும் பகலும் ஓடுவது. வாங்கும் விலையை மட்டும் பார்க்காமல் எத்தனை வாட் என்று பாருங்கள். 40 வாட் பம்ப் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் மின்சாரம் எடுக்கும், 15 வாட் பம்ப் அதில் பாதிகூட எடுக்காது. இரண்டு மூன்று ஆண்டில் இந்த வித்தியாசம் பம்பின் விலையை எட்டிவிடும். பம்ப் வீணாக்கும் சக்தி தொட்டித் தண்ணீரைச் சூடாக்குவதும் கூடவே வரும் தொல்லை.

அம்மோனியா கிட்டில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். கடல்நீருக்கு உரியதுதானா என்று பார்த்து வாங்குங்கள். நன்னீருக்கான வண்ண அட்டையை வைத்துக் கடல்நீரைப் படித்தால் எண் தப்பாக வரும்.

7. வாளி வைத்து அளந்து பாருங்கள்

எல்லாம் பொருத்திய பிறகு, மீன் விடுவதற்கு முன், ரிட்டர்ன் குழாயின் வாயைத் தொட்டிக்கு மேலேயே ஒரு 10 லிட்டர் வாளிக்குள் விடுங்கள். எத்தனை நொடியில் நிரம்புகிறது என்று பாருங்கள். 36,000-த்தை அந்த நொடிகளால் வகுத்தால் மணிக்கு எத்தனை லிட்டர் என்று கிடைக்கும். 45 நொடி என்றால் 800 லிட்டர், நம் 200 லிட்டர் தொட்டிக்கு 4 மடங்கு. சம்பில் தண்ணீர் தீர்ந்து பம்ப் காற்றை இழுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் பம்பின் பெட்டியில் இருந்த எண்ணில் பாதிகூட வரவில்லை. ஒன்றேகால் மீட்டர் உயரமும் மூன்று முழங்கை வளைவுகளும் மீதியை விழுங்கிவிட்டன. இரண்டு முழங்கைகளை எடுத்துவிட்டு வளையும் குழாயைப் போட்டதும் கணிசமாகக் கூடியது. இந்த எண்ணைத் தேதியோடு நோட்டில் எழுதிவையுங்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி அளக்கும்போது குறைந்திருந்தால், பம்பைக் கழற்றி வினிகர் கலந்த தண்ணீரில் ஊறவைத்துச் சுண்ணாம்பைப் போக்கும் நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

கூடவே பம்பை அணைத்தும் பாருங்கள். ரிட்டர்ன் வாய் ஆழமாக மூழ்கியிருந்தால் தண்ணீர் அதன் வழியே தலைகீழாக சம்புக்கு இறங்கும், சம்ப் நிரம்பித் தரையில் வழியும். வாயை நீர்மட்டத்துக்கு ஓரிரு சென்டிமீட்டர் கீழே மட்டும் வையுங்கள். காற்று இழுக்கச் சின்னத் துளை போடுவதும் உண்டு, ஆனால் பாசியோ நத்தையோ அதை அடைத்துவிடும். துளையை மட்டும் நம்பக்கூடாது. பம்பை அணைத்து, தண்ணீர் இறங்கி நின்றதும் சம்ப் கண்ணாடியில் அந்த மட்டத்துக்கு ஒரு டேப் ஒட்டுங்கள். பம்ப் ஓடும்போது இருக்கும் மட்டத்துக்கு இன்னொன்று. அந்த இரண்டு கோடுகளையும் ஒரு போட்டோ எடுத்துவைத்தால் நீங்கள் ஊரில் இல்லாதபோது வீட்டில் இருப்பவர்களுக்கும் புரியும்.

8. மீன் இல்லாமல் ஊறவைக்கும் வாரங்கள்

காய்ந்த பாறையும் புது மீடியாவும் என்றால் அவற்றில் பாக்டீரியா வளர நாலு முதல் ஆறு வாரம் ஒதுக்குங்கள். உப்பளவு 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு), வெப்பநிலை 25, 26 டிகிரி. பம்ப், வேவ்மேக்கர் இரண்டும் இரவும் பகலும் ஓடட்டும். விளக்கு வேண்டாம், பாசிதான் வளரும். பாட்டில் பாக்டீரியா ஊற்றினால் முதல் சில நாள் ஸ்கிம்மரையும், கிருமி கொல்லும் யுவி விளக்கையும் அணைத்துவையுங்கள்.

பாக்டீரியாவுக்குத் தீனியாக, அம்மோனியம் குளோரைடு கரைசலால் அம்மோனியாவை 2 பிபிஎம் அளவுக்குக் கொண்டுவாருங்கள். அதிகம் போட்டால் சீக்கிரம் முடியும் என்று நினைத்து 5, 6 என்று ஏற்றுவார்கள், அது பாக்டீரியாவையே மந்தமாக்கிவிடும். இரண்டு நாளைக்கு ஒருமுறை சோதித்து எழுதுங்கள். முதலில் அம்மோனியா இறங்கும், நைட்ரைட் ஏறும். நைட்ரைட் பல நாள் இறங்காமல் நிற்கும், பலரும் பொறுமை இழப்பது அப்போதுதான். கடல்நீரில் குளோரைடு நிறைய இருப்பதால் நைட்ரைட் மீனை நன்னீரில்போலத் தாக்காது, இருந்தாலும் அது இறங்கும்வரை இருங்கள். நைட்ரைட் இருக்கும்போது நைட்ரேட் கிட் காட்டும் எண்ணையும் நம்பமுடியாது.

2 பிபிஎம் அம்மோனியா போட்டு, 24 மணி நேரத்தில் அதுவும் நைட்ரைட்டும் சுழியத்துக்கு வந்தால் தொட்டி தயார். பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு ஒன்று அல்லது இரண்டு மீன் மட்டும் விடுங்கள். அடுத்த மீனுக்கு இரண்டு வாரம் பொறுங்கள். இந்த இரண்டு வாரம்தான் பாக்டீரியா புதுச் சுமைக்கு ஏற்ப வளரும் காலம்.

இந்த நாட்களிலேயே ஒரு சின்ன ஸ்பாஞ்சை மீடியா அறையில் கூடுதலாகப் போட்டுவையுங்கள். புது மீனைத் தனித்தொட்டியில் வைத்துப் பார்க்கவேண்டி வரும்போது, பாக்டீரியா ஏறிய அந்த ஸ்பாஞ்ச் உடனே கைகொடுக்கும். தனித்தொட்டியில் செம்பு மருந்து போட்டிருந்தால் அந்த ஸ்பாஞ்சைத் திரும்ப சம்புக்குக் கொண்டுவரக் கூடாது. பெரிய தொட்டியில் செம்பு மருந்து போடுவதே கூடாது, பாறையும் செராமிக்கும் அதை உறிஞ்சிவைத்துக்கொள்ளும், இறாலும் நத்தையும் பவளமும் தாங்காது.

9. கழுவும் முறையும் காலமும்

வடிகட்டிப் பையை மூன்று நாலு நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். இரண்டு மூன்று பைகள் வாங்கிச் சுழற்சியில் வைத்துக்கொண்டால் சோம்பல் வராது. வாரம் ஒருமுறை சமையலறையில் இருக்கும் பெரிய ரப்பர் பீச்சுக்குழல் போன்ற ஒன்றால் பாறை இடுக்குகளில் தண்ணீரைப் பீச்சுங்கள். புகைபோலக் கசடு கிளம்பும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரமும் அதே இடத்தில் கிளம்பினால் வேவ்மேக்கரின் கோணம் போதவில்லை.

மீடியாவை அடிக்கடி தொடாதீர்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். கசடு இருந்தால் மட்டும், தண்ணீர் மாற்றும்போது வெளியே எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே வாளியில் மெதுவாக அலசுங்கள். குழாயடியில் கழுவினால் குளோரினும் நன்னீரும் சேர்ந்து பாக்டீரியாவைக் கொன்றுவிடும். பளிச்சென்று வெளுக்கத் தேய்ப்பதும் வேண்டாம், அந்தப் பழுப்பு வழவழப்புதான் நமக்கு வேண்டியது. ஒரு முறைக்கு ஒரு பை, அடுத்ததற்கு இரண்டு வாரம் இடைவெளி.

மீடியாவை மாற்றவோ குறைக்கவோ வேண்டியிருந்தால் கால் பங்கு கால் பங்காக, ஒவ்வொரு முறைக்கும் நடுவில் இரண்டு மூன்று வாரம் விட்டு, அம்மோனியாவைச் சோதித்துக்கொண்டே செய்யுங்கள். நான் என் தொட்டியை மறுபடி அமைத்தபோதும் இப்படித்தான் செய்தேன், இரண்டு மாதம் ஆனது அதனால்தான்.

10. மின்சாரம் போகும்போது

ஓட்டம் நின்றதும் முதலில் திணறுவது மூடிய கேனிஸ்டரில் இருக்கும் மீடியா. உள்ளே இருக்கும் ஆக்சிஜனை பாக்டீரியாக்கள் தீர்த்துவிடும், பிறகு அவையே சாக ஆரம்பிக்கும். சில மணி நேரம் நின்றுபோன கேனிஸ்டரை, மின்சாரம் வந்ததும் அப்படியே ஓடவிடாதீர்கள். உள்ளே இருக்கும் கெட்ட தண்ணீர் நேராகத் தொட்டிக்குப் போகும். பிளக்கைக் கழற்றி, உள்ளிருக்கும் தண்ணீரைக் கொட்டி, மீடியாவை மோந்து பாருங்கள். வாடை அடித்தால் தொட்டித் தண்ணீரில் அலசிவிட்டு மாட்டுங்கள். அன்றும் மறுநாளும் அம்மோனியாவைச் சோதியுங்கள், தீனியைப் பாதியாகக் குறையுங்கள்.

திறந்த சம்பும் பாறையும் இதைவிடத் தாக்குப்பிடிக்கும், ஆனால் மேற்பரப்பு நெளிந்துகொண்டிருக்கவேண்டும். பேட்டரியில் ஓடும் காற்று பம்ப் ஒன்றை வாங்கி, குழாயும் காற்றுக்கல்லும் மாட்டித் தயாராக வையுங்கள். மின்சாரம் போனதும் தானாக ஓடும் வகையும் கிடைக்கிறது, வீட்டில் ஆள் இல்லாத நேரத்துக்கு அதுதான் சரி. பேட்டரியை மாதம் ஒருமுறை சோதித்து, அந்தத் தேதியையும் நோட்டில் எழுதுங்கள்.